கிங் ஏர் பி200: எட்டு இருக்கை இருந்தும் நான்கு பேர்தானா?

ஏமாற்று இல்லை, எடைக் கணக்குதான். கோத்தகிரியிலிருந்து இறங்கி, கோவையில் ஏறி, நிற்காமல் டெல்லி போக எட்டுப் பேருக்கு கிங் ஏர் பி200 என்ற இரட்டை எஞ்சின் சிறு விமானத்தை வாடகைக்குக் கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தூரத்துக்கு விமானத்தை வாடகைக்கு விடுபவர்கள் நான்கு பேர்தான் என்று சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

பி200 கிளம்பும்போது மொத்த எடை 5,670 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் விமானமும் இரண்டு பைலட்டும் சேர்ந்தாலே நான்கு டன்னை நெருங்கிவிடும். முழு டாங்க் எரிபொருள் சுமார் 1,650 கிலோ. கழித்துப் பாருங்கள், முழு டாங்க் போட்டால் ஆளுக்கு எடை அதிகம் மிஞ்சாது. டெல்லிக்குத் தேவையான அளவு மட்டும் போட்டால்தான் நான்கு பேர். ஆள் கூடினால் எரிபொருளைக் குறைத்தாக வேண்டும், குறைத்தால் டெல்லி எட்டாது. கோவை ஓடுபாதையின் நீளம் போதவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டாம், ஏர்பஸ்ஸே இறங்கும் இடம் அது.

இதைச் செய்து பாருங்கள்:

1. ஒவ்வொருவரின் எடையையும் பெட்டியோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள். (வர்க்கி டப்பா எடை இல்லை, இடம்தான் அடைக்கும். டீத்தூள் மூட்டை அப்படியில்லை.)
2. நாக்பூரில் எரிபொருள் நிரப்பிப் போனால் எத்தனை பேர் என்று கேளுங்கள். எண்ணிக்கை ஏறினால் காரணம் எடைதான். ஏறவில்லை என்றால் அந்த விமானத்தின் வெற்று எடையைக் கேளுங்கள். உள்ளே கனமான சோபா, அலமாரி எல்லாம் வைத்திருப்பார்கள்.

நாக்பூரில் நின்றால் தரையிறங்கும் கட்டணமும் நேரமும் கூடும். அப்புறம், அன்றைய எதிர்க்காற்றைப் பார்த்து பைலட் கடைசி நேரத்தில் ஒரு பெட்டியை இறக்கச் சொல்லலாம். அதில் பேரம் கிடையாது.