பையன பாதுக் தோஜாங்ல சேக்கறதா வேண்டாமா? தென் கொரியாவுல சுவோன்ல இருந்து கேட்ட ஒரு அம்மாவுக்கு

வணக்கம் மேடம், உங்க மெசேஜ் படிச்சேன். பையனுக்கு ஒன்பது வயசு, ரெண்டு வருஷமா ஸ்கூல் விட்டதும் பக்கத்துல இருக்கற பாதுக் ஹாக்வொனுக்கு (பாதுக்னா கறுப்பு வெள்ளைக் கல்லு வெச்சு ஆடற கோ ஆட்டம், ஹாக்வொன்னா டியூஷன் சென்டர்) போறான், இப்ப அந்த சார் கூப்பிட்டு இவனுக்கு இங்க சொல்லித்தர இனி ஒண்ணுமில்ல சியோல்ல ஒரு தோஜாங்ல, அதாவது ப்ரொஃபெஷனல் ஆகறதுக்குத் தயார் பண்ற பயிற்சிக்கூடத்துல, சேத்துருங்கன்னு சொல்லிட்டாரு, அவங்கப்பா ஏஐ-யே ஜெயிச்சிருச்சு இனி இந்த ஆட்டம் எதுக்குங்கறாரு, நீங்க நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறீங்க. சரி, பேசுவோம்.

நீங்க குகேஷ், பிரக்ஞானந்தா பேரெல்லாம் எழுதியிருந்தீங்க. அந்தக் கணக்கு இங்க ஒத்துவராதுங்க. செஸ்ல கிராண்ட்மாஸ்டர் ஆக மூணு நார்ம் (அதாவது போட்டிகள்ல அந்தத் தரத்துல ஆடிக் காட்டறது), 2500 ரேட்டிங், அவ்வளவுதான், பன்னெண்டு வயசுல வாங்கினாலும் முப்பதுல வாங்கினாலும் தருவாங்க, ஒருத்தர் வாங்கறதால இன்னொருத்தருக்கு சீட் போயிடாது. கோ-வுல அப்படி இல்ல. கொரியாவுல ஹாங்குக் கிவொன், ஜப்பான்ல நிஹோன் கீ-இன் மாதிரி சங்கம்தான் ப்ரொஃபெஷனல்னு அங்கீகாரம் தரணும், வருஷத்துக்கு இத்தனை பேர்னு சீட் கணக்கு. கொரியாவுல வருஷத்துக்கு இருபதுக்குள்ளதான் புதுசா வர்றாங்க, இன்னிக்கு நாடு முழுக்க எல்லா ப்ரோவையும் சேத்தாலும் நானூத்தி சொச்சம் பேர்தான். கடைசி ரவுண்டுல ஒரே ஒரு ஆட்டம் கைவிட்டுப் போனா அடுத்த தேர்வு வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குள்ள வயசும் ஒண்ணு கூடிடும்.

வயசுதான் இதுல பெரிய விஷயமே. சோ ஹுன்ஹ்யொன் ஒன்பது வயசுல ப்ரோ, அவரு வீட்லயே தங்கிப் படிச்ச லீ சாங்ஹோ பதினொண்ணுல, லீ செடோல் 1995ல பன்னெண்டுல, இப்ப நம்பர் ஒன்னா இருக்கற ஷின் ஜின்சொ 2012ல அதே பன்னெண்டுல. இவங்கெல்லாம் உச்சம், இவங்கள அளவுகோலா வெச்சு பையன மிரட்டாதீங்க. ஆனா யொங்குசெங்னு ஹாங்குக் கிவொன் நடத்தற பயிற்சி மாணவர் லீக் இருக்கு பாருங்க, அதுல பதினெட்டு பத்தொம்பது வயசோட வெளிய அனுப்பிடுவாங்க. அதுக்கப்புறமும் தேர்வு எழுத வழி இருக்கு, ஆனா அது ரொம்பக் கஷ்டமான வழி. அதனால உங்க கையில இருக்கறது மிஞ்சிப்போனா எட்டொம்பது வருஷம், அதுலயும் முதல் மூணு நாலு வருஷத்துலயே பாதி விஷயம் தெரிஞ்சுடும்.

தோஜாங்னா எப்படி இருக்கும்னு கேட்டிருந்தீங்க. சின்னப் பசங்க ஸ்கூல் முடிச்சு வந்து ராத்திரி வரைக்கும் இருப்பாங்க, பெரிய பசங்க பல பேரு காலையில இருந்தே. முதல்ல சஹ்வால், அதாவது மூலையில அடைபட்டுக் கிடக்கற கல்லுக் கூட்டம் பொழைக்குமா செத்துருமான்னு போர்டுல கை வைக்காம மனசுக்குள்ளயே பத்துப் பதினஞ்சு நகர்வு ஓட்டிப் பாக்கற புதிர், இத தினமும் நம்ம பசங்க வாய்ப்பாடு சொல்ற மாதிரி போட்டுத் தள்ளணும். அப்புறம் லீக் ஆட்டம், அப்புறம் பொக்கி.

இந்த பொக்கிய நீங்க நேர்ல போய் உக்காந்து பாக்கணும் மேடம். ஆட்டம் முடிஞ்சதும் கல்லையெல்லாம் எடுத்துட்டு, முதல் கல்லுல இருந்து இருநூறு நகர்வையும் ஞாபகத்துல இருந்து அதே வரிசையில திரும்ப வைப்பாங்க, தோத்தவனும் ஜெயிச்சவனும் எதிரெதிர உக்காந்துகிட்டு. இந்த எடத்துல ஏன் இப்படி வெச்சே, நான் இங்க வெட்டியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பேன்னு பேச்சு ஓடும். இப்பதான் அழுது முடிச்ச பையன், மூக்க உறிஞ்சிகிட்டே, தன்ன அடிச்சவன்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கணும். உங்க பையன் தோத்த அன்னிக்கு என்ன பண்றான்னு கவனிங்க. ஜெயிச்ச ஆட்டத்த மட்டும் காட்டிட்டு தோத்தத மறைக்கற பையனுக்கு எவ்வளவு மூளை இருந்தாலும் தோஜாங் நரகமாயிடும், ஏன்னா அங்க பாதி நாள் தோக்கத்தான் போறான். என்னக் கேட்டா திறமைய விட இதுதான் முக்கியம், ஹாக்வொன் சார் இதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலன்னு நீங்க எழுதினதுதான் எனக்கு இடிக்குது.

அவங்கப்பாவோட ஏஐ கேள்விக்கு வர்றேன். 2016 மார்ச்ல லீ செடோல் ஆல்ஃபாகோங்கற ஏஐ ப்ரோக்ராம் கிட்ட 4-1னு தோத்தாரு, 2019ல ரிட்டயரும் ஆயிட்டாரு, வாஸ்தவம். அதுக்காக போட்டி எதுவும் நின்னு போகல, பயிற்சி முறைதான் தலைகீழா மாறிடுச்சு. முன்னெல்லாம் ஆட்டம் ஆரம்பிச்ச உடனே மூலையில மூணு-மூணு புள்ளியில போய் விழுந்தா வாத்தியார் தலையில குட்டுவாரு, இப்ப ப்ரோவெல்லாம் அதத்தான் ஆடறாங்க. கட்டாகோன்னு ஒரு கோ ஏஐ ஃப்ரீயாவே கிடைக்குது, ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா வீட்லயே உலகத்துலயே பெரிய வாத்தியார் ரெடி. ஆனா அது சரியான நகர்வக் காட்டுமே தவிர ஏன்னு வாயத் திறந்து சொல்லாது, சம பலத்துல முறைச்சுகிட்டு உக்காரற இன்னொரு பையனையும் தராது. தோஜாங்குக்கு காசு கட்டறது முக்கியமா அந்த இன்னொரு பையனுக்காகத்தான்.

காசுன்னதும் இன்னொண்ணு. ஷின் ஜின்சொ பரிசுத்தொகையா வருஷத்துக்கு நூறு கோடி வோனுக்கு மேல வாங்கறாருன்னு பாத்துட்டு மயங்கிடாதீங்க, அது உச்சாணிக் கொம்பு. அந்த நானூறு பேர்ல பெரும்பாலானவங்க பாடம் எடுத்துத்தான் குடும்பம் நடத்தறாங்க, கொரியாவுல குழந்தைங்களே கம்மியாயிட்டு வர்றதால அந்த ஹாக்வொன் பொழப்பும் முன்ன மாதிரி இல்ல.

வெளிநாட்டுப் பையனுக்கு சான்ஸ் இருக்கான்னா, இருக்கு. மைக்கேல் ரெட்மண்ட் அமெரிக்கர், பதினாலு வயசுல ஜப்பான் போய் 1981ல ப்ரோ ஆகி 2000ல 9 டான்ங்கற உச்ச தரத்த வாங்கினாரு. ஆனா உங்க விஷயத்துல விசா ஒரு சிக்கல். பையன் இங்க இருக்கறது அப்பாவோட வேலை விசாவ நம்பி. கம்பெனி நாளைக்கு பெங்களூருக்கு போன்னு சொன்னா பதிமூணு வயசுல அவன எங்க விடுவீங்க? இத முதல்ல நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க, பையன் இல்லாதப்போ.

ஸ்கூல இப்ப நிறுத்தவே கூடாது, இதுல நான் பிடிவாதம். இங்க ஆரம்பப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் எப்படியும் கட்டாயம். அதுக்கப்புறமும் விளையாட்டு தொடர்ந்தா சுன்சொன்ல பாதுக்குக்குன்னே ஒரு ஹைஸ்கூல் இருக்கு, ஊருக்குத் திரும்பற நிலைமை வந்தா என்ஐஓஎஸ்ங்கற இந்திய திறந்தநிலைப் பள்ளியில பதினாலு வயசுக்கு மேல பத்தாவது எழுதலாம். தமிழோ இங்கிலீஷோ எழுதப் படிக்க விட்டுப்போகாம மட்டும் பாத்துக்குங்க, கொரியன்ல மட்டுமே படிச்ச பையன் அங்க போய் பத்தாவது எழுத ரொம்ப திணறுவான்.

இப்போதைக்கு ஜனவரி பிப்ரவரி லீவுல மட்டும் தோஜாங் அனுப்பிப் பாருங்க. சுவோன்ல இருந்து சியோல்ல இருக்கற வாங்சிம்னிக்கு ஒரே ட்ரெயின்தான், ஹாங்குக் கிவொனும் அந்தப் பக்கம்தான், ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், போக வர அந்த அலைச்சல அவன் தாங்கறானான்னும் தெரிஞ்சுடும். லீவு முடியறப்ப தோஜாங் சார்கிட்ட "இவன் ப்ரோ ஆவானா"ன்னு கேக்காதீங்க, ஆவான்னுதான் சொல்லுவாரு, ஃபீஸ் வருதுல்ல. இவன் வயசு யொங்குசெங் பையன் ஒருத்தன் கூட ஆடினா பலம் கம்மியான இவனுக்கு சலுகையா எத்தனை கல் முன்கூட்டி வெச்சு ஆட வேண்டியிருக்கு, ரெண்டு மாசத்துல அது எவ்வளவு குறைஞ்சுதுன்னு கேளுங்க. அந்த நம்பர் ரெண்டையும் வாங்கிட்டு மார்ச் ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி எனக்கு மெசேஜ் போடுங்க.