மூன்றாவது எபிசோடிலேயே காதலைச் சொல்லவைக்க வேண்டாம்

காட்பாடியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வரும் இருவரைப் பற்றி நீங்கள் எழுதும் தொடர், மூன்றாவது எபிசோடில் காதலைச் சொன்னதும் சப்பென்று ஆகிவிடுகிறது என்கிறீர்கள். எட்டாவதுக்குத் தள்ளுங்கள். தள்ளினால் மட்டும் போதாது, சொல்லாமல் இருக்க நியாயமான காரணம் வேண்டும். ‘தி ஆபீஸ்’ அமெரிக்கத் தொடரில் ஜிம் காதலிக்கும் சக ஊழியர் பாமுக்கு ஏற்கெனவே வேறொருவருடன் நிச்சயமாகியிருக்கிறது. 2005இல் தொடங்கிய கதையில் ஜிம் மனம் திறப்பது 2006இல், இரண்டாம் சீசன் முடிவில். அதுவரை ஒரே அலுவலகம், கண்ணெட்டும் தூரத்தில் மேசை, சேர்ந்து செய்யும் குறும்புகள். விலகிப் போக வழியில்லாத அந்த நெருக்கம்தான் நம்மை உட்காரவைக்கிறது.

உங்களுக்கு அது ரயில் பெட்டி. தமிழில் கூடுதலாக ஓர் அருமையான கருவி இருக்கிறது: ‘நீங்க’. ஆறு எபிசோடும் அவன் ‘நீங்க’ என்றே பேசட்டும். ஏழாவதில், வாலாஜா ரோடு தாண்டும்போது, கண் சொருகும் அவளிடம் ‘நீ தூங்கு’ என்று வாய் தவறி வரட்டும். அவள் எதுவும் சொல்லக் கூடாது. பின்னணி இசையும் வேண்டாம், போட்டால் காட்சி செத்துவிடும்.

டிபன் பாக்ஸையும் இப்படியே வளர்க்கலாம். முதலில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்த் தொக்கை மூடியில் வைத்து நீட்டுகிறாள். பிறகு ஒரே டப்பாவில் இரண்டு ஸ்பூன்.