மாடியில் மூன்று பெட்டி, கீழே ஒரே கடிகாரம்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டு மாடியில், காஸ்மிக் கதிர்ப் பொழிவு (விண்வெளிக் கதிர் காற்றில் மோதிக் கிளப்பும் துகள் மழை) எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க, துகள் பட்டால் மினுங்கும் மூன்று சின்டிலேட்டர் டிடெக்டர் வைத்திருக்கிறோம். முகப்பில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. மொத்தம் 40 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆர்டுயினோ (சிறு கணினிப் பலகை), வைஃபை வழியே இன்டர்நெட் நேரம். பதிவுகள் ஒன்றோடொன்று சேரவே மாட்டேன் என்கின்றன. ஜிபிஎஸ் மாட்டினால் சரியாகுமா?
– இயற்பியல் மாணவர்கள், காரைக்குடி

பதில்: ஜிபிஎஸ்ஸுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

பொழிவு ஒரு தட்டுப் போல, ஏறத்தாழ ஒளி வேகத்தில் இறங்குகிறது. ஒளி ஒரு நானோவினாடியில் (வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) போவது 30 சென்டிமீட்டர். தட்டு உங்கள் வீட்டு நீளவாக்கில் 30 டிகிரி சாய்ந்து வந்தால், முகப்புக்கும் பின்கட்டுக்கும் சுமார் 67 நானோவினாடி வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் திசையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆர்டுயினோ ஊனோவின் மைக்ரோவினாடிக் கணக்கே நாலு நாலாகத்தான் நகரும். அதாவது 4000 நானோவினாடி. இன்டர்நெட் நேரமோ மில்லிவினாடிக் கணக்கில் பிசகும். குந்துமணித் தங்கத்தை லாரி எடைமேடையில் நிறுத்த கதைதான். மலிவு ஜிபிஎஸ் துடிப்பிலும் சில பத்து நானோவினாடி ஆட்டம் உண்டு.

ஒரே வீட்டுக்குள் மூன்று கடிகாரம் எதற்கு? மூன்று சிக்னலையும் கேபிளில் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, நேர இடைவெளியை எண்ணாக்கித் தரும் ஒரே டிடிசி சிப்பில் அளந்துவிடுங்கள்.

கோஆக்சியல் கேபிள் மீட்டருக்குச் சுமார் 5 நானோவினாடி தாமதம் தரும். அதனால் ஒரே சுருளிலிருந்து மூன்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, கிட்டத்துப் பெட்டிக்கு மிச்சத்தைச் சுருட்டி வையுங்கள். "எதுக்குண்ணே இவ்வளவு வயரு வீணா?" என்று எலக்ட்ரீஷியன் தம்பி கட்டரை எடுப்பார். விடாதீர்கள்.

இடத்தையும் மாற்றுங்கள். நேர்கோட்டில் வைத்தால் முன்-பின் சாய்வு தெரியும், பக்கவாட்டுச் சாய்வு தெரியாது. முக்கோணமாக வையுங்கள். ஊட்டியின் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் சுமார் 400 டிடெக்டர்கள் இருந்தும் இடைவெளி 8 மீட்டர்தான். உங்கள் மூன்றுக்கு 40 மீட்டர் ரொம்ப அதிகம். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தளத்தில் எட்டுப் பத்து மீட்டருக்குள் வைத்தால் போதும். வித்தியாசமும் பதினைந்து, இருபது நானோவினாடியாகச் சுருங்கிவிடும். ஜிபிஎஸ் வேண்டாம் என்றது இதனாலும்தான்.

மாடிக்கு ஏற்றுமுன் ஒரு வேலை. மூன்று பெட்டியையும் கீழே பட்டாலையில் (கூடத்தில்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கேபிள்களை மாட்டி ஓடவிடுங்கள். பொழிவில் வரும் மியூவான் என்னும் துகள்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு வரும். சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்பது பொதுக் கணக்கு. ஒரே மியூவான் மூன்றையும் கடப்பதால் வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். இருக்காது. மூன்று நானோ, ஏழு நானோ என்று ஏதாவது நிற்கும். அதுதான் உங்கள் கருவியின் சொந்தத் தாமதம். சராசரி எடுத்து நோட்டில் எழுதி, பிறகு வரும் எல்லாப் பதிவிலும் கழித்துவிடுங்கள்.

இதை விட்டால் என்னாகும் என்பதற்குப் பெரிய இடத்து உதாரணமே உண்டு. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில் இருந்த ஓபரா சோதனை, நியூட்ரினோ என்னும் துகள் ஒளியைவிடச் சுமார் 60 நானோவினாடி முந்தி வந்ததாக 2011-இல் அறிவித்தது. பிறகு அது பிழை என்று தெரிந்தது. முக்கியக் காரணம், ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவந்த ஃபைபர் கனெக்டர் ஒன்று சரியாக இறுகாதது.

செர்னில் உருவான வொயிட் ராபிட் என்ற கடிகார இணைப்பு முறை, ஃபைபரில் சிக்னல் போய்த் திரும்பும் நேரத்தை அளந்து அளந்து, கிலோமீட்டர்களுக்கு அப்பாலுள்ள கருவிகளையும் ஒரு நானோவினாடிக்குள் இணைக்கும். அருமையான ஏற்பாடு, உங்கள் வளவுக்கு வேண்டியதில்லை.

கோடை இடி உறுமத் தொடங்கினால் மாடிக் கேபிள்களை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். முனைகளில் எண் ஒட்டியிருந்தால்தான் மறுபடி அதே பெட்டிக்கு அதே கேபிளை மாட்ட முடியும். மாறிப்போனால் திரும்பப் பட்டாலைக்கே இறக்க வேண்டிவரும்.