பழைய ஆலை நிலத்தில் சோதனைக் குழி: கேட்டவற்றுக்குப் பதில்கள்

லண்டனில் லீ ஆறு தேம்ஸில் கலக்கும் இடத்தில் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் தளம் 1912 வரை இயங்கியது. கிராஸ்ரெயில் என்ற ரயில் பாதை வேலைக்காக 2012இல் அங்கே அகழ்ந்தபோது பட்டறை அடித்தளங்கள் வெளிவந்தன. அதைப் படித்துவிட்டு நீங்கள் கேட்டவை இவை.

கேள்வி: நூறு வருஷத்து ஆலையெல்லாம் தொல்லியலா? ஆவணங்கள்தான் இருக்கின்றனவே?

பதில்: கப்பலின் கதை ஆவணத்தில் இருக்கும். 1860இல் இங்கே நீரில் இறக்கிய இரும்புப் போர்க்கப்பல் வாரியர் இன்றும் போர்ட்ஸ்மத்தில் நிற்கிறது. ஆனால் இரும்படித்தவர் உலைக்கு எத்தனை அடி தள்ளி நின்றார், கால் வைத்தது செங்கல்லிலா வெறும் மண்ணிலா, உலையை எத்தனை முறை இடித்துக் கட்டினார்கள், இதையெல்லாம் எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதி வைப்பதில்லை. கொல்லுப்பட்டறைத் தரை மண்ணைக் காயவைத்து அதன் மேல் ஒரு காந்தத்தை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடிக்கும்போது தெறித்த செதில்கள், மீன் செதிலைவிடச் சின்னதாக, கருநீலமாக ஒட்டிக்கொண்டு வரும். எங்கே அதிகம் ஒட்டுகிறதோ அதன் பக்கத்தில்தான் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை இருந்திருக்கும். எனக்கு இதுதான் அந்த மனிதரை நேரில் பார்ப்பது.

கேள்வி: தொல்லியல் மதிப்பீடு என்றால் கீழடி மாதிரி அகழாய்வா?

பதில்: இல்லை, அதற்கு முந்தைய படி. கட்டடம் கட்டுவதற்கு முன், கீழே என்ன இருக்கிறது, எவ்வளவு பிழைத்திருக்கிறது என்று சில நீளக் குழிகள் போட்டுப் பார்ப்பது. இங்கிலாந்தில் 1990இல் வந்த வழிகாட்டுதலுக்குப் பிறகு, கட்டுபவரே இதற்கான செலவை ஏற்பது வழக்கமாகிவிட்டது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஆலை நிலத்தில் செல்லாது. ஒரு குழியில் முழுச் சுவர் நிற்கும், பத்தடி தள்ளினால் பின்னாளில் இறக்கிய கான்கிரீட் எல்லாவற்றையும் தின்றிருக்கும்.

கேள்வி: குழி எங்கே போடுவது என்று எப்படித் தெரியும்?

பதில்: பழைய வரைபடங்கள்தான். தீக்காப்பீட்டுக்காக 1880களிலிருந்து கோட் நிறுவனம் வரைந்த நகரப் படங்கள் கிடைத்தால் அதிர்ஷ்டம். கட்டடம் மரமா செங்கல்லா, உள்ளே என்ன வேலை நடந்தது என்பதுவரை குறித்திருப்பார்கள்.

கேள்வி: ஆலைத் தரை வந்ததும் நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது! மேலே கான்கிரீட், செங்கல் சல்லி, உலையில் மிஞ்சிய கழிவான கசடு, கரிச்சாம்பல். அதற்கும் கீழே நீலச் சாம்பல் நிறத்தில் ஆற்று வண்டல், அப்புறம் சாக்லேட் நிறத்தில் மட்கிய தாவர அடுக்கு; கையில் பிட்டால் சுள்ளியும் நாணல் தண்டும் அப்படியே தெரியும், கொஞ்ச நேரத்தில் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். இதே கிழக்கு லண்டன் சதுப்பில், பெக்டனில், வெண்கலக் கால மக்கள் போட்ட மரப்பாதைகள் கிடைத்திருக்கின்றன. குழி தோண்ட முடியாத ஆழத்துக்குத் துளைபோட்டு மண்ணை உருளையாக எடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. தார், ஆர்செனிக், ஆஸ்பெஸ்டாஸ். முதலில் மண் பரிசோதனை, பிறகுதான் மண்வெட்டி.

கேள்வி: நம் பக்கம் இப்படி ஓர் இடம்?

பதில்: பரங்கிப்பேட்டை. வெள்ளாற்று முகத்துவாரத்தில், சேலத்துத் தாதுவையும் மரக்கரியையும் நம்பி 1830இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய இரும்பாலை. எனக்கு அங்கே குழி போடக் கிடைத்தால் உலையைத் தேட மாட்டேன், முதலில் கசடு கொட்டிய இடத்தைத்தான் தேடுவேன். உலையை இடித்துச் செங்கல்லை வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள். கசடை யார் எடுத்துப் போவார்கள்?