பனி முடிஞ்சா எப்போ கவாத்து பண்றது? கேள்வி பதில்

கே: உறைபனில செம்பருத்தி இலை பூரா கருகிடுச்சு, இப்பவே வெட்டிடலாமா?
ப: கத்தரிய உள்ள வைங்க. பாக்க கண்றாவியாதான் இருக்கும், ஆனா அந்த கருகுன இலைதான் கீழ இருக்கற மொட்டுக்கு போர்வை. இப்ப வெட்டுனா செடி அவசரப்பட்டு துளிர் விடும், அடுத்த பனில அந்த இளந்துளிர் மொத்தமும் போயிடும், சேத்து வச்ச சத்தும் போச்சு. கடைசி பனி போய் கணுல மொட்டு உப்பட்டும். அப்புறம் நகத்தால பட்டைய லேசா சுரண்டுங்க, உள்ள பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு, பழுப்பா காஞ்சிருந்தா இல்ல. நுனில ஆரம்பிச்சு சுரண்டிக்கிட்டே கீழ வாங்க, பச்சை வந்ததும் வெளிப்பக்கம் பாக்குற மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேல சாய்வா வெட்டுங்க. யூரியாவும் அதுவரைக்கும் வேண்டாம்.

கே: எலுமிச்சை?
ப: இன்னும் பொறுமை. எது செத்துச்சுன்னு முழுசா தெரிய சில மாசம்கூட ஆகும்.

கே: ஹைட்ரேஞ்சியாவ குளிர் முடிஞ்சதும் வெட்டறேன், பூவே வரல.
ப: பெரிய இலை வகையா இருக்கும். போன வருஷ கிளைல மொட்டு வச்சிருக்கும், நீங்க பூவைத்தான் வெட்டி போடறீங்க. பூத்து முடிஞ்சப்புறம் வெட்டுங்க. கூம்பு கூம்பா பூக்கற பானிகுலாட்டா புதுக்கிளைல பூக்கும், அத குளிர் முடியறப்ப தாராளமா வெட்டலாம்.

கே: போகன்வில்லா கருகிடுச்சு, வெட்டலாமா?
ப: முதல் பதில படிங்க.

கே: வெட்டுன இடத்துல பெயிண்ட் அடிக்கணுமா?
ப: வேண்டாம்.

கே: சும்மா சொல்லாதீங்க சார், எங்க தாத்தா காலத்துல இருந்து தார் பூசறோம், மரம் நல்லாதான் இருக்கு.
ப: தார் பூசியும் நல்லா இருக்கு, அவ்ளோதான். அமெரிக்க வனத்துறைல அலெக்ஸ் ஷிகோன்னு ஒருத்தர் ஏகப்பட்ட மரத்த அறுத்து உள்ள பாத்து 1977ல எழுதுனாரு, மரம் காயத்த ஆத்தறதில்ல, சுத்தி சுவர் வச்சு அடைச்சிடுது. பெயிண்ட் வெடிச்சா அடில ஈரம்தான் தங்கும்.

கே: அப்போ பூஞ்சை வராதா? எல்லாரும் பூசறாங்களே?
ப: பூசுனாலும் வரும். கிளை தண்டோட சேர்ற இடத்துல வீங்குன மாதிரி ஒரு வளையம் இருக்கும், அத வெட்டாம விடுங்க, மூடறது அங்க இருந்துதான். ஓக் மரத்துக்கு வர்ற வாடல் நோய் இருக்கற பகுதில மட்டும், நோய பரப்பற வண்டு வரக்கூடாதுன்னு வெட்டுன உடனே பூசுவாங்க, அது வேற கதை. தார் பஞ்சாயத்து இதோட போதும்.

கே: ரோஜா கருகி அடில இருந்து வேகமா ஒரு தளிர் வருது!
ப: ஒட்டு கட்டுன இடத்துக்கு கீழ இருந்து வந்தா அது அடிச்செடியோட தளிர், உங்க ரோஜா இல்ல, அடியோட பிச்சு எடுங்க. மேல இருந்து வந்தா விடுங்க.

கே: குரோட்டன்ஸ் கருகிடுச்சு, இப்பவே வெட்டலாமா?
ப: நகம் இருக்குல்ல? சுரண்டுங்க.