வீட்டை அடகு வைத்துத்தான் முன்னேற வேண்டுமா?

மகளை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்க வீட்டை அடகு வைக்கலாமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். கணவர் லாரி ஓட்டுகிறார். "நம்ம குடும்பத்துல ஒரு டாக்டர் வந்தாத்தான் தலை நிமிர முடியும்" என்று அண்ணன் நச்சரிக்கிறாராம். மகளோ ஓடாத மின்விசிறியைக் கழற்றிவைத்து, கெப்பாசிட்டர் போயிருக்கிறதா, காயில் கருகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுத எனக்கு மனமில்லை அம்மா. அடகு வைக்காதீர்கள்.

சமூகத்தில் ஒருவர் நிலை மாறுவதை 1927இலேயே சமூகவியலாளர் பிதிரிம் சோரோகின் பிரித்துக் காட்டினார்: மேலே போகலாம், கீழே இறங்கலாம், அதே மட்டத்தில் இடம் மாறலாம். உங்கள் அண்ணன் முதலாவதை மட்டுமே பேசுகிறார். விருப்பமில்லாத படிப்பு பாதியில் நின்றால் பட்டமும் இருக்காது, வீடும் இருக்காது, வட்டி மட்டும் ஓடும். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அவர் போடுவாரா? முதலில் அதைக் கேளுங்கள்.

ஏழைக் குடும்பம் ஒன்று சராசரி வருமானத்தை எட்ட, உறுப்பு நாடுகளில் சராசரியாக 4, 5 தலைமுறை ஆகலாம் என்று, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பு 2018இல் கணக்கிட்டது. டென்மார்க்கிலேயே 2 தலைமுறை. ஒரே தாவலில் எட்டிவிட உங்கள் அண்ணனுக்குத்தான் அவசரம்.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது வேலை செய்துகொண்டே தொழில் கற்கும் அப்ரண்டிஸ் பயிற்சி, அதிலும் மெகாட்ரானிக்ஸ். மோட்டார், சென்சார், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான பிஎல்சி எல்லாம் சேர்ந்த வேலை. முதலில் பானல் வயரிங், மெகர் என்ற கருவி வைத்து வயரின் இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என்று கை பழகும். பிறகு தொழிற்சாலையில் உற்பத்தி லைன் நின்றுபோனால் சென்சாரிலிருந்து சிக்னல் ஏன் வரவில்லை என்று தேடிப் பிடிக்க வேண்டும். இப்போது விசிறியில் செய்வதுதான், இயந்திரம் மட்டும் பெரிது. சுவிட்சர்லாந்தில் பள்ளி முடிப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். வாரத்தில் 3, 4 நாள் நிறுவனத்தில் வேலை, மீதி நாள் வகுப்பு, சம்பளமும் உண்டு. அந்நாட்டின் யுபிஎஸ் வங்கியின் தலைமைப் பொறுப்புக்கு வந்த செர்ஜியோ எர்மோட்டி, பதின்ம வயதில் வங்கி அப்ரண்டிஸாகத் தொடங்கியவர். (எல்லாரும் அப்படி ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை.)

சேருமுன் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். மாத உதவித்தொகை எழுத்தில் இருக்க வேண்டும். சான்றிதழுக்கு அரசு அங்கீகாரம் வேண்டும். பயிற்சிக்குப் பிறகு டிப்ளமோவுக்கோ பொறியியல் பட்டத்துக்கோ போக வழி இருக்கிறதா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். அந்த வழி அடைபட்டிருந்தால் கையெழுத்துப் போடாமல் வேறு நிறுவனம் பாருங்கள்.