பத்து கோல் வாங்கியவர்களுக்கு ஒரு பக்கமா?

கேள்வி: பசிபிக் தீவுகளின் சிறுவர் கால்பந்துப் போட்டி பற்றிப் போன இதழில் முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். டஹிட்டி, வனுவாட்டு, நியூ கலிடோனியா என்று மேப்பில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய ஊர்கள். தங்களுக்குள் ஆடி ஜெயித்துவிட்டு, உலகக் கோப்பைக்குப் போய் 10-0, 9-0 என்று உதை வாங்குகிறார்கள். 140 கோடிப் பேர் டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த இடத்தை இந்தியாவுக்குக் கொடுத்தால் என்ன? இவர்களுக்கு ஒரு பக்கத்தை வீணாக்க வேண்டுமா?
– கால்பந்து ரசிகர், திண்டுக்கல்

பதில்: ஸ்கோரில் தப்பில்லை. 2023இல் இந்தோனேசியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நியூ கலிடோனியா இங்கிலாந்திடம் 10-0 என்றும் பிரேசிலிடம் 9-0 என்றும் தோற்றது. ஈரானிடம் வாங்கிய 5-0ஐ நீங்கள் விட்டுவிட்டீர்கள், நானே சேர்த்துக்கொள்கிறேன். மூன்று ஆட்டங்களில் 24 கோல். ஒன்றுகூடத் திருப்பிப் போடவில்லை.

சரி, இப்போது இன்னொரு ஸ்கோர். 2017இல் இதே உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. நாமும் ஆடினோம், தகுதிச்சுற்றில் ஜெயித்து அல்ல. கல்யாண வீட்டுக்காரருக்குப் பந்தியில் இலை போடுவதுபோல, போட்டியை நடத்துகிறவர் என்பதால். அமெரிக்காவிடம் 3-0, கொலம்பியாவிடம் 2-1, கானாவிடம் 4-0. மூன்றிலும் தோல்வி, புள்ளி பூஜ்யம். கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்ட ஒரே கோலுக்கு நாடே துள்ளியது. நானும்தான் துள்ளினேன்.

அதே போட்டிக்கு நியூ கலிடோனியாவும் வந்திருந்தது. குவாஹாட்டியில் பிரான்ஸிடம் 7-1, ஹோண்டுராஸிடம் 5-0. நீங்கள் சொல்லும் அதே உதைதான். மூன்றாவது ஆட்டம் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், எதிரே ஜப்பான். தொடக்கத்திலேயே ஜப்பான் ஒரு கோல் போட்டுவிட்டது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஜெக்கொப் ஜெனோ என்ற பையன் அதைச் சமன் செய்தான். 1-1. சுமார் 2.7 லட்சம் பேர் உள்ள தீவுக்கு ஒரு புள்ளி. அப்போது 130 கோடியாக இருந்த நமக்கு ஒன்றுமில்லை. அதுவும் நம் மண்ணில், நம் செலவில். ஜனத்தொகை மைதானத்தில் இறங்குவதில்லை ஐயா, பதினோரு பேர்தான் இறங்குகிறார்கள்.

அப்புறம், 'அந்த இடத்தைக் கொடுத்தால் என்ன' என்கிறீர்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் ஆள் குறைந்தால், அரிசி வரிசையில் நிற்பவருக்கு ஒரு கிலோ கூடக் கிடைக்குமா? உலகக் கோப்பை இடங்களும் அப்படித்தான். இந்தப் பசிபிக் தீவுகள் அடங்கிய ஓசியானியாவுக்கு ஒரு வரிசை, ஆசியாவுக்கு ஒரு வரிசை. நாம் நிற்பது ஜப்பானும் கொரியாவும் ஈரானும் நிற்கும் வரிசை. ஓசியானியாவுக்கு இந்த வயதுப் பிரிவில் வெகுகாலம் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. 2017இல் இரண்டானது, 2025இல் மூன்றானது. 2006இல் ஆஸ்திரேலியா தீவுகளின் வரிசையை விட்டு ஆசியாவின் வரிசைக்கு மாறியது. அதனால் நம் வரிசைதான் இன்னும் நீளமானது. கோபம் வந்தால் ஆஸ்திரேலியா மேல் காட்டுங்கள்.

சின்ன ஊர்களைப் பார்த்து இந்தியா சிரிக்கும்போது எனக்கு மாலத்தீவு ஞாபகம் வந்துவிடும். தெற்காசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் 2008இல் ஒரு முறை, 2018இல் ஒரு முறை, இரண்டு தடவையும் நம்மை வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுபோனார்கள். அவர்கள் மொத்த ஜனத்தொகை ஐந்து லட்சம் சொச்சம்.

இனி, போன இதழில் போட்ட பக்கத்துக்கு வருகிறேன். ஓசியானியக் கூட்டமைப்பில் முழு உறுப்பினர்கள் 11 பேர். நியூசிலாந்து, பப்புவா நியூ கினியிலிருந்து சமோவா, குக் தீவுகள் வரை. நடுவில் இருப்பதெல்லாம் கடல். பஸ் பிடித்து அடுத்த மாவட்டத்துக்குப் போய் ஆடிவிட்டு ராத்திரி வீடு திரும்பும் சமாச்சாரம் இல்லை. டஹிட்டிப் பையன்கள் சனிக்கிழமை விமானம் ஏறினால் ஆக்லாந்தில் இறங்கும்போது ஞாயிறு. நடுவில் தேதிக்கோடு ஒரு நாளை விழுங்கிவிடும். இப்படிப் பள்ளிக்கூடப் பையன்களைக் கூட்டிவந்து, ஒரே தீவில் தங்கவைத்து, அடுத்தடுத்து ஆடவைத்து முடிப்பதுதான் இந்தப் போட்டி.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு ஸ்கோர் உண்டு. 2001 ஏப்ரல் 11, ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பர். பெரியவர்களின் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். அமெரிக்கன் சமோவாவின் மூத்த ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய எல்லோரும் பாஸ்போர்ட் சிக்கலால் ஆட முடியாமல் போனது. இருபது வயதுக்குட்பட்ட அணியைக் கூப்பிடலாம் என்றால் அவர்களுக்குப் பள்ளிப் பரீட்சை. கடைசியில் பதினைந்து வயதுப் பையன்கள் மூன்று பேரையும் சேர்த்து ஓர் அணி இறங்கியது. ஆஸ்திரேலியா 31, அமெரிக்கன் சமோவா 0. ஆர்ச்சி தாம்சன் ஒருவரே 13 கோல். உலகம் சிரித்தது. அதற்குப் பிறகுதான் மிகச் சிறிய தீவுகள் முதலில் தங்களுக்குள் ஆடட்டும், அதில் ஜெயித்தவர் பெரியவர்களிடம் போகட்டும் என்று முதல்சுற்று வந்தது. சிறுவர் போட்டியிலும் சமோவா, அமெரிக்கன் சமோவா, டோங்கா, குக் தீவுகள் நால்வரும் பல தடவை அப்படித்தான் ஆடினார்கள். அந்த 31 கோலையும் வாங்கிய கோல்கீப்பர் நிக்கி சலாப்பு ஓடிப்போகவில்லை. 2011இல் டோங்காவை 2-1 என்று வென்று அமெரிக்கன் சமோவா ஃபிஃபா அங்கீகரித்த தன் முதல் வெற்றியைப் பெற்றபோதும் கோல் கம்பங்களுக்கு நடுவில் அவர்தான் நின்றார்.

உதைபட்டவர்கள் உதைபட்டபடியே கிடக்கிறார்களா என்று பாருங்கள். 2009இல் எகிப்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் டஹிட்டி ஸ்பெயினிடம் 8-0, வெனிசுவேலாவிடம் 8-0, நைஜீரியாவிடம் 5-0. இது கேலிக்கூத்து என்று அப்போதும் உங்களைப் போல யாராவது எழுதியிருப்பார்கள். மூன்றே வருடத்தில், 2012இல், டஹிட்டியின் மூத்த அணி ஓசியானியக் கோப்பையை ஜெயித்தது. எகிப்தில் அடிவாங்கிய சிலர் அந்த அணியில் இருந்தார்கள். அடுத்த வருடம் பிரேசிலில், கண்டங்களின் சாம்பியன்கள் மோதிய கான்ஃபெடரேஷன் கோப்பை. ஒரே ஒருவரைத் தவிர அணியில் யாருக்கும் கால்பந்து பிழைப்பு இல்லை. நைஜீரியாவுக்கு எதிராக ஜொனாதன் தெஹாவ் ஒரு கோல் போட்டதும் பையன்கள் வரிசையாக மண்டியிட்டுத் துடுப்புப் போட்டார்கள், தங்கள் ஊர்ப் படகை ஓட்டுவதுபோல. அந்த ஆட்டத்தில் தோல்வி 6-1, ஸ்பெயினிடம் 10-0, உருகுவேயிடம் 8-0. அரங்கில் இருந்த பிரேசில்காரர்கள் டஹிட்டிக்குத்தான் கை தட்டினார்கள். கால்பந்து தெரிந்த ஜனம்!

பிஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஜெர்மனியிடம் 8-1 என்று வாங்கினார்கள். சில நாள் கழித்து ஹோண்டுராஸை 3-0 என்று வென்றார்கள். வனுவாட்டுவில் சுமார் மூன்று லட்சம் பேர். 2017இல் முதல் முறையாக அதே உலகக் கோப்பைக்குப் போய் மெக்சிகோவிடம் 3-2, ஜெர்மனியிடம் 3-2. நடுவில் வெனிசுவேலாவிடம் 7-0 என்றும் வாங்கினார்கள், மறைக்கவில்லை. ஆனாலும் ஜெர்மனிக்கு இரண்டு கோல் போட்ட அணி அது.

உங்கள் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பதினாறு வயதுப் பையன் பத்து கோல் வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியா போனபிறகு ஓசியானியாவின் சிறுவர் போட்டிகளில் நியூசிலாந்துக்குப் போட்டியாக ஏறக்குறைய ஆளே இல்லை. 2016இல் 20 வயதுப் பிரிவு இறுதியில் வனுவாட்டுவை 5-0, 2017இல் 17 வயதுப் பிரிவு இறுதியில் நியூ கலிடோனியாவை 7-0. பிஜி 2014இல் 20 வயதுப் பிரிவில் கோப்பை வென்றதுகூட, அடுத்த உலகக் கோப்பையை நடத்துகிற நாடு என்பதால் நியூசிலாந்து அந்த வருடம் தகுதிப் போட்டிக்கு வராததால்தான். மற்ற தீவுகளுக்கு இந்தப் போட்டி முடிந்தால் அடுத்த நல்ல ஆட்டம் எப்போது என்பதே கேள்வி. பக்கத்துத் தீவோடு மட்டும் ஆடிப் பழகிய பையன் நேராக பிரேசில் முன்னால் போய் நின்றால் ஸ்கோர் அப்படித்தான் இருக்கும். அதற்கு மருந்து வருடத்துக்குப் பத்து ஆட்டம் கூடுதலாகக் கொடுப்பது. இருக்கிற ஒன்றையும் பிடுங்கி திண்டுக்கல்லுக்குக் கொடுப்பது அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிஜியில் கால்பந்துச் சங்கத்தை 1938இல் தொடங்கியவர்கள் இந்திய வம்சாவளியினர். சங்கத்தின் பெயரிலேயே அப்போது 'இந்தியன்' இருந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள். தென்னிந்தியாவிலிருந்து போனவர்கள் 1926இல் தொடங்கிய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் வருடந்தோறும் அங்கே கால்பந்துப் போட்டி நடத்துகிறது. அந்த பிஜியின் லபாசா ஊரில் பிறந்த ராய் கிருஷ்ணா 2019இல் இந்தியாவுக்கு வந்தார். முதல் சீசனிலேயே நம் கால்பந்து லீகான ஐஎஸ்எல்லில் 15 கோல் போட்டு, அதிகக் கோல் அடித்தவர்கள் வரிசையில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய கொல்கத்தா அணிக்குக் கோப்பை. ஒன்பது லட்சம் பேர் உள்ள தீவிலிருந்து கோல் போட ஆளை இறக்குமதி செய்துவிட்டு, அந்தத் தீவுக்கு எதற்கு உலகக் கோப்பை என்று கேட்கிறோம்!

பக்கம் வீண் என்றீர்கள். அடுத்த முறை பிஜியின் சங்கப் போட்டியைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். ஒரு பக்கம் போதாது, இரண்டாக்கச் சொல்லியிருக்கிறேன்.